கைக்கெட்டும் நூலடுக்கு

நுழையும்முன்

நூலகத்தில் ஒரு நூல் இருப்பது வேறு. அந்நூல் வேண்டியவர் கைக்கு வந்து சேர்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது நூலடுக்கு. அதனை யாருடைய வசதிக்காக அமைக்க வேண்டும்? மாற்றி அமைக்கும்போது எவற்றைக் கருத வேண்டும்? திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மாணவருக்கு இதனால் என்ன? இவ்வினாக்களை இப்பாடம் எண்ணிப் பார்க்கிறது.

1. நகரின் பழைய நூலகம்

ஒரு நூலகத்தின் பெருமையைச் சொல்ல முற்படுவோர் முதலில் அங்குள்ள நூல்களின் எண்ணிக்கையைச் சொல்வர். அடுத்துக் கட்டடத்தின் அழகைச் சொல்வர். அதன் வயதைச் சொல்வர். அங்குச் சென்ற ஒருவர் தமக்கு வேண்டிய நூலை எவ்வளவு எளிதாகக் கண்டெடுத்தார் என்று சொல்வோர் மிகச் சிலரே. ஆனால், படிப்பவரைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது.

திருவனந்தபுரத்தின் பாளையம் பகுதியில் உள்ள மாநில மைய நூலகம் 1829-ஆம் ஆண்டு தோன்றியது. திருவிதாங்கூரின் அரியணையில் சுவாதித் திருநாள் அமர்ந்த ஆண்டும் அதுவே. அப்போது இங்கு ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்னல் எட்வர்டு கடோகன் அதன் தொடக்கத்துக்குத் துணைநின்றார். இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. தொடக்கத்தில் ஒரு சிலருக்கே பயன்பட்ட அந்நூலகம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசின் பொறுப்புக்கு வந்து பொதுமக்களுக்கு உரியதாயிற்று. கோதிக் பாணியில் செந்நிறம் தோன்ற எழுந்து நிற்கும் அதன் கட்டடம் 1900-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமசுகிருதம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் அங்கு உள்ளன.

இத்தனை மொழிகளும் இத்தனை காலமும் ஒரே கூரையின்கீழ்ச் சேரும்போது ஒரு வினா எழுகிறது. எந்த நூலை எங்கே வைப்பது? வீட்டில் பத்து நூல்கள் வைத்திருப்பவருக்கு இவ்வினா எழுவதில்லை. ஆயிரம் நூல்கள் ஆனதும் அது தொல்லை தரும். இலட்சக்கணக்கில் நூல்கள் பெருகிவிட்டால், இடம் தவறி வைக்கப்பட்ட ஒரு நூல் தொலைந்துபோன நூலாகவே ஆகிவிடும். அது கூரையின்கீழ் இருக்கும், பட்டியலிலும் இருக்கும், யார் கண்ணிலும் படாது.

2. பூட்டிய அலமாரி

முற்காலத்து நூலகங்கள் பலவற்றில் படிப்பவர் நூலடுக்குக்கு அருகே செல்ல இயலாது. பட்டியலைப் பார்த்து, வேண்டிய நூலின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, மேசைக்கு இப்பால் காத்திருக்க வேண்டும். ஊழியர் உள்ளே சென்று நூலை எடுத்துவருவார். ‘இல்லை’ என்று அவர் திரும்பி வருவதும் உண்டு.

அத்தகைய நூலகங்களில் நூல்களை அடுக்கிய முறையும் அதற்கேற்பவே இருந்தது. சிலர் உயரத்தின்படி அடுக்கினர். உயரமான நூல்கள் ஒரு தட்டிலும் குட்டையானவை மற்றொரு தட்டிலும் இருந்தால் இடம் வீணாகாது. சிலர் நூல் வந்து சேர்ந்த வரிசைப்படி அடுக்கினர். இன்று வந்த நூல் நேற்று வந்த நூலுக்கு அடுத்து நிற்கும். இம்முறையில் பழைய நூல்களை நகர்த்தவேண்டிய தேவையே இல்லை. வேறு சிலர் ஒவ்வொரு நூலுக்கும் இன்ன அலமாரி, இன்ன தட்டு, இன்ன இடம் என்று நிலையாக வகுத்துவிட்டனர்.

இம்முறைகளை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நூல்கள் அரியனவாகவும் விலைமிக்கனவாகவும் இருந்த காலத்தில் அவற்றைக் காப்பதே நூலகரின் முதற்கடமையாக இருந்தது. ஆயினும், இம்முறைகள் யாவும் நூலைப் பேணுபவரின் வசதிக்காகவே ஏற்பட்டவை. பறவைகளைப் பற்றி அறிய விரும்பி வந்த ஒரு சிறுவனுக்கு, அப்பொருள் பற்றிய நூல்கள் உயரத்தால் பிரிந்து ஐந்து இடங்களில் கிடந்தால் என்ன பயன்? தான் பெயரறிந்த ஒரு நூலை மட்டுமே அவன் கேட்டுப் பெறுவான். பெயரறியாத நூலை அவனால் கேட்க முடியாது. அடுக்கின் முன் நின்று, ஒன்றை எடுக்கப்போய் அதன் அருகிலுள்ள வேறொன்றைக் கண்டு மகிழும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டாது.

3. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர்

இந்நிலையை மாற்றியவர்களுள் தலைசிறந்த ஒருவர் தமிழர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக வாழ்வைத் தொடங்கினார். 1924-ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அப்பணியை அவர் விரும்பி ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. மாணவர்களின் குரலுக்குப் பழகிய அவருக்கு, ஆளரவமற்ற நூலக அறை தனிமைச் சிறையாகத் தோன்றியது. சில நாட்களிலேயே தாம் முன்பு பணிபுரிந்த மாநிலக் கல்லூரிக்குச் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்கும்படி வேண்டினார். நூலகப் பணியைக் கற்பதற்காக இங்கிலாந்து சென்றுவந்து, பின்னர் முடிவெடுக்கலாம் என்ற யோசனையால் அவர் மனம் அமைதி அடைந்தது.

இலண்டனில் அவர் கற்றது வகுப்பறையில் மட்டுமன்று. பல நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். கல்விநிலை, தொழில், வயது என்ற வேறுபாடின்றி மக்கள் நூலகத்துக்கு வருவதையும், தாங்களே அடுக்கிலிருந்து நூலை எடுத்துப் புரட்டுவதையும் கண்டார். மேசைக்கு இப்பால் காத்திருக்கும் தம் நாட்டு மாணவர்களை அவர் நினைத்திருக்கக்கூடும்.

அங்கிருந்தபோது ஒரு பெரிய கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவை அதில் இருந்தன. அதே துண்டுகளைக் கொண்டு ஒருமுறை வண்டியும் மறுமுறை பாலமும் செய்யலாம். அறிவுத்துறைகளையும் இவ்வாறே சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்து எண்ணாக எழுதினால், புதிதாகத் தோன்றும் எந்தப் பொருளுக்கும் அடுக்கில் இடம் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவருள் முளைத்தது. அக்கூறுகளை இணைக்க அவர் முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். அதனால் அம்முறை ‘கோலன் பகுப்பு முறை’ எனப் பெயர்பெற்று 1933-இல் நூலாக வெளிவந்தது.

சென்னைக்குத் திரும்பிய இரங்கநாதன் நூலடுக்குகளைப் படிப்பவர்க்குத் திறந்துவிட்டார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக்கினார். நூல்கள் பூட்டிவைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதும், ஒவ்வொருவருக்கும் உரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு என்பதும், படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும், நூலகம் உயிருள்ள ஒன்றுபோல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதும் அவற்றின் சாரம்.

இவ்விதிகள் பெரிய கோட்பாடுகளாகத் தோன்றினாலும் இவற்றின் பயன் மிகச் சிறிய செய்திகளில்தான் தெரியும். அடுக்கின் மேல்தட்டு, தரையில் நிற்பவரின் கைக்கு எட்ட வேண்டும். இரண்டு அடுக்குகளுக்கு இடையே ஒருவர் நின்று பார்க்கும்போது மற்றொருவர் கடந்துசெல்ல இடம் வேண்டும். முதுகில் ஒட்டிய எண் மங்கினால் உடனே மாற்ற வேண்டும். கோட்பாட்டை மட்டும் எழுதிவைத்துவிட்டு ஏணியின் உச்சியில் நூலை வைத்தால், விதி ஒருபுறமும் வாசகர் மறுபுறமும் நிற்பர்.

அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடி அருகே மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகப் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் அதனை உருவாக்கினார். வாசகர் அடுக்கைத் தேடி வர இயலாத சிற்றூர்களுக்கு அடுக்கே வாசகரைத் தேடிச் சென்றது.

4. அண்டை வீட்டு எண்கள்

உலகின் பல நூலகங்களில் இன்று வழங்குவது டூயி பதின்மப் பகுப்பு முறை. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி அதனை 1876-இல் வெளியிட்டார். அறிவுத்துறைகள் அனைத்தையும் அவர் பத்துப் பெரும் பிரிவுகளாக்கினார். அவற்றுள் இலக்கியத்துக்கு உரியது 800. ஆங்கில இலக்கியத்தின் எண் 820. தமிழ் இலக்கியத்தின் எண் 894.811.

இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஆங்கிலத்துக்கு மூன்று இலக்கங்கள் போதும். ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய தமிழுக்கோ புள்ளியைத் தாண்டியும் எழுத வேண்டியுள்ளது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்கு விரிந்த இடம் தந்த டூயி, உலகின் பிற மொழிகள் பலவற்றையும் 890 என்னும் ஒரே அறையில் நெருக்கி அமர்த்தினார். எந்த அடுக்கும் ஒருவர் நின்ற இடத்திலிருந்து பார்த்த உலகமே. அவர் அருகில் கண்டவை பெரியனவாகவும் தொலைவில் கண்டவை சிறியனவாகவும் அதில் அமைந்துவிடுகின்றன. இரங்கநாதன் தம் பகுப்பில் தமிழுக்கு 31 என்ற எண்ணைத் தந்தார்.

இவ்வெண்களில் மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று உண்டு. டூயி முறையில் 894.811 தமிழ் என்றால், அடுத்து வரும் 894.812 மலையாளம். இரங்கநாதன் முறையில் தமிழ் 31 என்றால், மலையாளம் 32. இரண்டு முறைகளிலும் இவ்விரு மொழிகளும் அண்டை வீட்டாராகவே நிற்கின்றன. எண்ணின்படி நூல்களை அடுக்கினால், தமிழ்க் கதைநூல்களைப் பார்த்து முடித்த மாணவரின் கை இயல்பாகவே மலையாள நூல்களைத் தொடும். மலையாளம் படிக்கும் தோழரின் கண்ணும் தமிழ் நூல்களின்மேல் விழும். ‘பிறமொழி நூல்கள்’ என்று பெயரிட்டுத் தமிழைக் கட்டடத்தின் ஒரு மூலைக்கு அனுப்பினால் இந்த அண்டை உறவு அறுந்துபோகும்.

5. ஒரு நூலுக்கு இரண்டு வீடுகள்

அடுக்கில் ஒரு நூலை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். நூலின் பொருளோ பல இடங்களுக்கு உரியதாக இருக்கும். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தமிழின் முதற்காப்பியம். அதனை இயற்றிய இளங்கோவடிகள் சேர மன்னன் செங்குட்டுவனின் தம்பி என்பது மரபு. அதன் மூன்றாம் பகுதி வஞ்சிக் காண்டம். அது சேர நாட்டில் நிகழ்வது. தமிழ் இலக்கிய அடுக்கில் வைத்தால், கேரளத்தின் பழைய வரலாற்றைத் தேடி வருபவர் அதனைக் காணார். வரலாற்று அடுக்கில் வைத்தால், காப்பியம் தேடி வரும் தமிழ் மாணவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. நூலைத் தமிழ் அடுக்கில் வைத்துவிட்டு, கேரள வரலாற்று அடுக்கில் ஒரு சிறு பலகையை வைக்கலாம். ‘சேர நாட்டைப் பற்றிய காப்பியம் தமிழ் அடுக்கில் உள்ளது’ என்று மலையாளத்திலும் தமிழிலும் அதில் எழுதலாம். நூல் ஓரிடத்தில் இருந்தாலும் அதற்குச் செல்லும் வழிகள் பலவாகலாம்.

பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடல் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடக நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ஆசிரியர் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1891-இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் பெயரை ஒருவர் ‘பெ. சுந்தரம் பிள்ளை’ என்று எழுதுவார். மற்றொருவர் ‘மனோன்மணீயம் சுந்தரனார்’ என்று எழுதுவார். பெயரின் அகர வரிசையில் நூல்களை அடுக்கும்போது அவர் ‘பெ’ வரிசையில் வருவாரா, ‘சு’ வரிசையில் வருவாரா, ‘ம’ வரிசையில் வருவாரா? மூன்று இடங்களிலும் ஒருவரே பிரிந்து நின்றால், தேடுபவர் அவரது நூல்களுள் ஒரு பகுதியையே காண்பார். ஆதலால் நூலகர் ஒரு பெயரைத் தேர்ந்து நிலைநாட்ட வேண்டும். மற்ற பெயர்களைத் தேடுவோரை அதன்பால் வழிநடத்த வேண்டும்.

கணினிப் பட்டியல் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணலாம். தமிழ் நூலின் பெயரைத் தமிழ் எழுத்தில் பதிவு செய்தால் உண்மையிலேயே தீரும். உரோமன் எழுத்தில் பதிவு செய்தால் சிக்கல் வேறு உருவம் கொள்ளும். சிலப்பதிகாரத்தை ஒருவர் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குவார். ஆய்வாளர் மரபைப் பின்பற்றும் ஒருவர் ‘சி’ என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்தில் தொடங்குவார். ழகரம் ஒருவர் கையில் இரண்டு எழுத்தாகும்; மற்றொருவர் கையில் லகரமாகும். ஒன்றில் தேடியவருக்கு மற்றொன்றில் பதிந்த நூல் ‘இல்லை’ என்றே விடை வரும். சீட்டை வாங்கிச் சென்று வெறுங்கையோடு திரும்பிய அன்றைய ஊழியருக்கும் இந்தக் கணினிக்கும் அப்போது வேறுபாடு இராது.

6. மாற்றியடுக்கும் கலை

படிப்பவருக்கு ஏற்ப அடுக்கை மாற்ற விரும்பும் நூலகர், முதலில் நூல்களைத் தொடமாட்டார். வருபவர்களைக் கவனிப்பார். எவர் எங்கே தயங்கி நிற்கிறார், எந்த நூலை அடிக்கடி கேட்கிறார், எந்தத் தட்டின் முன் ஒருவரும் நிற்பதில்லை என்பவற்றைக் குறித்துக்கொள்வார். குறிப்புகள் சேர்ந்தபின்னரே மாற்றம் தொடங்கும்.

கண்ணுக்கு நேரான தட்டில் உள்ள நூல்கள் எளிதில் கவனத்தைப் பெறுகின்றன. தரையை ஒட்டிய தட்டில் உள்ளவை குனிய இயலாத முதியோருக்கு இல்லாதவை போன்றவை. ஆனால், ஆறு வயதுக் குழந்தைக்குக் கண்ணுக்கு நேரானது அந்தக் கீழ்த்தட்டுதான். எனவே, குழந்தை நூல்களின் அடுக்கு குட்டையாக இருக்க வேண்டும். படநூல்களின் முதுகு மிக மெலிதாகையால் அதில் பெயரைப் படிப்பது அரிது. அவற்றை முகப்பட்டை தெரியும்படி நிறுத்துவதே ஏற்றது. தட்டு முழுதும் இறுக்கி அடுக்காமல் சிறிது இடம் விட்டால், நூலை எடுக்கவும் மீண்டும் வைக்கவும் எளிது. புதிய நூல்கள் வரும்போது அவற்றுக்கும் இடம் கிடைக்கும்.

சக்கர நாற்காலியில் வருபவர் திரும்புவதற்கு ஏற்ற அகலம் அடுக்குகளுக்கு இடையே வேண்டும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தரைத்தளத்தில் அமைந்துள்ளது. பார்வையற்றவர் பல மாடிகளைக் கடந்து செல்லாமல் நுழைந்தவுடனே தம் நூல்களை அடைய முடிகிறது. முதல் தளம் சிறுவர்க்கும் இரண்டாம் தளம் தமிழ் நூல்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எப்பிரிவை எங்கே வைப்பது என்னும் முடிவிலேயே யாரை முதலில் நினைத்தோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

எண் ஒழுங்கை ஓரளவு தளர்த்தவும் நூலகர் அஞ்ச வேண்டுவதில்லை. திரும்பி வந்த நூல்களை உடனே உள்ளே அனுப்பாமல் வாயிலருகே ஒரு சிறு அடுக்கில் வைத்தால், பலர் அங்கேயே தமக்கு வேண்டியதைக் கண்டெடுப்பர். பிறர் விரும்பிப் படித்த நூலின்மேல் ஆர்வம் எழுவது இயல்பு. கதை, அறிவியல், பயணம் என்று எளிய சொற்களில் எழுதிய பலகைகள், பகுப்பு எண் அறியாதவர்க்கு வழிகாட்டும்.

எனினும், மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. நாள்தோறும் வரும் முதியவர் ஒருவருக்கு, மூன்றாவது அடுக்கின் இரண்டாம் தட்டில் தம் நூல் இருக்கும் என்பது மனப்பாடம். ஒரே இரவில் யாவற்றையும் இடம் மாற்றினால், புதியவருக்கு வழி திறக்கும் அதே வேளையில் அவருக்கு வழி அடைபடும். தமக்குரிய நூலகத்தில் அவர் திடீரென அயலாராகிவிடுவார். ஆகவே, மாற்றத்தைப் பகுதி பகுதியாகச் செய்வதும், முன்னரே அறிவிப்பதும், பழைய இடத்தில் புதிய இடத்தின் குறிப்பை எழுதி வைப்பதும், சில நாட்கள் அருகில் நின்று உதவுவதும் தேவை. புதியவரை வரவேற்பதற்காகப் பழையவரைத் தடுமாற விடக் கூடாது.

7. தமிழ் அடுக்கின் முன்

கேரளத்தில் நூலகம் என்பது ஊரின் உயிர்நாடி. வாயனசாலை இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. 1945-இல் சிறுசிறு வாயனசாலைகளை ஒருங்கிணைத்துப் பெரும் இயக்கமாக்கிய பி.என். பணிக்கர் மறைந்த நாளான சூன் 19, ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பள்ளிகளில் மாணவர்கள் நூல்களை எடுத்துக்காட்டிப் பேசுவர். அத்தகைய மண்ணில் வாழும் தமிழ் மாணவர்க்கு நூல்களுக்குக் குறைவில்லை. தமிழ் நூலைத் தேடிச் செல்லும் வழக்கமே குறையக்கூடும்.

அவர்கள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படிக்கின்றனர். தெருவில் மலையாளம் பேசுகின்றனர். தமிழை வீட்டில் பேசுகின்றனர். பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிப்பது சிலருக்கு மெதுவாகவே வருகிறது. அப்படிப்பட்ட ஒருவர் நூலகத்தில் தமிழ் அடுக்கைத் தேடி வரும்போது, முதலில் கண்ணில் படுவது தடித்த உரைநூலாக இருந்தால் திரும்பிவிடுவார். பெரிய எழுத்தில் அமைந்த சிறு கதைநூல் ஒன்று கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் எடுத்துப் புரட்டுவார். ஒரு மாணவர் தம் தாய்மொழியில் தொடர்ந்து படிப்பாரா என்பது சில வேளைகளில் இத்தகைய ஒரு தட்டின் உயரத்தைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இடம் போதாத நூலகங்களில், நெடுநாள் ஒருவரும் எடுக்காத நூல்கள் முதலில் பின்னறைக்குச் செல்கின்றன. அதன்பின் கழிக்கப்படுவதும் உண்டு. நூலகர் மொழியின்மேல் வெறுப்புற்று இதனைச் செய்வதில்லை. இரவல் பதிவேட்டில் தேதி முத்திரை விழாத நூலை வைத்திருக்க அவருக்குக் காரணம் கிடைப்பதில்லை. தமிழ் அடுக்கு குறுகுவதும் நீள்வதும் நூலகரின் கையில் மட்டும் இல்லை. நூலை எடுத்துச் சென்று படித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அடுக்கில் இல்லாத நூலை வேண்டுமென்று எழுதிக் கேட்பதும் வாசகரின் உரிமையே.

திருவனந்தபுரத்துத் தமிழ் அடுக்கில் இந்நகரின் எழுத்தாளர்களுக்கென ஒரு தட்டை ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். சுந்தரனாரின் ‘மனோன்மணீயம்’ அதில் முதலில் நிற்கலாம். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் அடுத்து வரலாம். இந்நகரையே களமாகக் கொண்டு ‘பள்ளிகொண்டபுரம்’ என்னும் புதினம் எழுதிய நீல பத்மநாபனும் அங்கு இடம்பெறலாம். பின்னிருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். தாம் அன்றாடம் நடக்கும் தெருக்கள் தமிழ் நூலில் இருப்பதைக் காணும் மாணவர், தமிழ் தொலைவில் உள்ள ஊரின் மொழி மட்டுமன்று, இந்த ஊரிலும் எழுதப்பட்டு வரும் மொழி என்று உணர்வார்.

வகுப்பறை நூலகத்திலும் இப்பணியைத் தொடங்கலாம். இருபது நூல்கள் இருந்தாலும் போதும். வகுப்பில் மிகக் குட்டையான மாணவரின் கைக்கு எட்டுகிறதா, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பலகையின் சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்த்து அவற்றை அடுக்கினால், இரங்கநாதன் சென்னையில் செய்த பணியின் ஒரு சிறு பகுதி அங்கும் நடந்ததாகும்.

சொல்லும் பொருளும்

அடுக்கு – நூல்களை வரிசையாக வைக்கும் அமைப்பு
வாயனசாலை – படிப்பகம் (மலையாள வழக்கு)
பகுப்பு – வகை பிரித்தல்
இரவல் – திருப்பித் தரும் உறுதியோடு பெறுவது
அகர வரிசை – எழுத்துகளின் முறைப்படி அமைந்த வரிசை
முகப்பட்டை – நூலின் முன்பக்க அட்டை
அயலார் – வேற்றார், பழக்கமில்லாதவர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. திருவனந்தபுரத்தின் மாநில மைய நூலகம் எந்த ஆண்டு தோன்றியது?
2. ‘கோலன் பகுப்பு முறை’ என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
3. ‘மனோன்மணீயம்’ நூலின் ஆசிரியருக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தொடர்பு யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. நூல்களை உயரத்தின்படி அடுக்குவதால் விளையும் நன்மையும் குறையும் யாவை?
2. சிலப்பதிகாரத்தை எந்த அடுக்கில் வைக்கலாம்? உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.
3. அடுக்குகளை மாற்றும்போது பழைய வாசகர்க்கு நேரும் இடர் யாது? அதனை எவ்வாறு குறைக்கலாம்?

இ. பிரித்து எழுதுக.
கைக்கெட்டும், கீழ்த்தட்டு, வெறுங்கை, கடைத்தெரு

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ உள்ள தமிழ் நூல்களைத் திரட்டி, உங்களைவிட இளையவர் ஒருவர் எளிதில் எடுக்கும்படி அடுக்குக. எந்த முறையில் அடுக்கினீர்கள், ஏன் என்பதைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.